ஈயம் சொன்னதும் சொல்லாததும்

திருக்குர்ஆனின் முப்பதாம் அத்தியாயம் ‘அர்-ரூம்’ என்னும் பெயரால் வழங்குவதை நாம் அறிவோம். அந்த ரூம் நாட்டாரையே ஐரோப்பிய வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் பைசாந்தியர் என அழைக்கலாயினர். அவர்களோ தம்மை இறுதிவரை ரோமர் என்றே சொல்லிக்கொண்டனர். கி.பி. 330இல் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் 1453இல் உதுமானியர் வசமாகும் வரை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வரசு நீடித்தது. இடையே 1204 முதல் 1261 வரை அத்தலைநகர் இலத்தீனியர் கையில் இருந்தது.

அவ்வரசு எழுத்தால் நடந்த அரசு. வரி விதிக்கவும், படை திரட்டவும், வழக்குத் தீர்க்கவும், ஓர் அதிகாரி மற்றோர் அதிகாரிக்கு நலம் விசாரிக்கவும் கடிதங்கள் ஓயாமல் சென்றுகொண்டிருந்தன. ஆயினும் அக்கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆதோஸ் மலை மடங்கள் போன்ற சில இடங்களில் மட்டும் ஆவணங்கள் ஓரளவு தப்பின. ஏனையவை தீயிலும் போரிலும் ஈரத்திலும் மறைந்தன. கடிதத்தை மூடிக் கட்டிய நூல் மக்கிற்று, கடிதம் மக்கிற்று, நூலைப் பிடித்திருந்த ஈய வில்லை மட்டும் மண்ணில் கிடந்தது. அத்தகைய முத்திரைகள் இன்று உலகில் சுமார் 80,000 உள்ளன என்பது ஆய்வாளரிடையே வழங்கும் மதிப்பீடு. அவற்றுள் ஏறத்தாழ 17,000 வாஷிங்டனிலுள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தில் இருக்கின்றன.

இம்முத்திரைகளை வரலாற்றின் சான்று என்று மட்டுமே பலர் போற்றுகின்றனர். ‘ஏடு பொய் பேசும், ஈயம் பொய் பேசாது’ என்னும் பொருள்படப் பேசுவோரும் உளர். இக்கூற்று எவ்வளவு தூரம் செல்லும்? ஒவ்வொரு முத்திரையும் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய ஒரு சிற்றுரை. பத்துப் பன்னிரண்டு சொற்களே ஆயினும் அதுவும் ஓர் எழுத்துப் படைப்பு. எழுத்துப் படைப்பை எவ்வாறு திறனாய்ந்து படிக்க வேண்டுமோ அவ்வாறே அதனையும் படித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலச்சினையும் நம்பிக்கையும்

முத்திரை செய்த முறையை முதலில் காண்போம். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஈய வில்லையொன்றை வார்த்தெடுப்பர். அதன் நடுவே, ஓரம் முதல் ஓரம் வரை, நூல் செல்வதற்கு ஒரு துளை இருக்கும். கடிதத்தை மடித்துக் கட்டிய நூலை அத்துளையில் கோத்து, குறடு போன்ற ஓர் இரும்புக் கருவியின் இரு தாடைகளுக்கிடையே வில்லையை வைத்து, மேலே சம்மட்டியால் அடிப்பர். தாடைகளில் தலைகீழாகச் செதுக்கிய எழுத்தும் உருவும் ஈயத்தின் இரு புறமும் நேராகப் பதியும். துளையும் நசுங்கி நூலை இறுகப் பற்றிக்கொள்ளும். நூலை அறுக்காமல், அல்லது ஈயத்தைச் சிதைக்காமல், கடிதத்தைத் திறக்க இயலாது. பேரரசர் சிறப்பான ஆணைகளுக்குப் பொன் முத்திரை இடுவார். அன்றாட அலுவலுக்கு அவரும் ஈயத்தையே பயன்படுத்தினார். அதிகாரிகளும் மதத் தலைவர்களும் தனிமனிதரும் ஈயத்தையே கையாண்டனர். மென்மையான அந்த உலோகம் எளிதில் உருகும், விலையும் மலிவு.

முத்திரையில்லாக் கடிதத்தை ரூமின் ஆட்சியாளர் ஏற்கமாட்டார் என்பது அக்காலத்தில் அரபு மண்ணிலும் தெரிந்திருந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ரூம் நாட்டாருக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இடப்படாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தார்கள் என்றும், அதன் பின்னரே வெள்ளியால் ஒரு மோதிரம் செய்யப்பட்டது என்றும் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி நூல் அறிவிக்கின்றது. மூன்று வரிகளில் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. கலீபா உதுமான் (ரலி) அவர்கள் காலத்தில் அம்மோதிரம் அரீஸ் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமற்போன செய்தியையும் நாம் கேட்டிருக்கிறோம்.

முத்திரை ஏன் வேண்டும் என்பதற்கு நம் வரலாற்று நூல்கள் மற்றொரு நிகழ்ச்சியையும் கூறுகின்றன. முஆவியா (ரலி) அவர்கள் ஒருவருக்கு ஒரு இலட்சம் திர்ஹம் கொடுக்குமாறு இராக்கின் ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். கொண்டு சென்றவர் வழியில் கடிதத்தைப் பிரித்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டு இலட்சம் பெற்றுக்கொண்டார். கணக்கு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே ‘தீவானுல் காத்தம்’ என்னும் முத்திரைத் துறை ஏற்பட்டது என்பர்; இப்னு கல்தூனும் தம் முகத்திமாவில் இதனை எடுத்துரைக்கின்றார். கலீபா அப்துல் மலிக் அவர்களின் பெயரும், ‘பலஸ்தீன்’ என்னும் நாட்டுப்பெயரும் பொறித்த ஈய முத்திரையும் கிடைத்துள்ளது.

ஆகவே முத்திரையின் முதற்கடமை கடிதத்தைக் காப்பது. அக்கடமை கடிதம் திறக்கப்பட்ட அன்றே முடிந்துவிட்டது. நாம் இன்று கையில் எடுத்துப் படிப்பது கடமை முடிந்த ஈயத்தை. எழுதியவர் வருங்காலத்தை எண்ணி எழுதவில்லை; பெறுபவரை எண்ணியே எழுதினார். பெறுபவர் தம்மை எவ்வாறு கருத வேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அதையே ஈயத்தில் பொறித்தார். இம்முத்திரைகளைப் படிப்போர் மறக்கலாகாத முதற்செய்தி இதுவே.

வேண்டுதலும் விருதும்

முத்திரைகளின் வாசகம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். இறைவனையோ, கிறிஸ்தவர் போற்றும் மர்யம் அன்னையையோ அழைத்து, ‘உன் அடிமைக்கு உதவி செய்’ என்னும் வேண்டுதல் முதலில் வரும். அடுத்து அடிமையின் பெயர். அதற்கடுத்து அவர் பெற்ற விருது. இறுதியில் அவர் வகிக்கும் பதவி. தாழ்மையில் தொடங்கிப் பெருமையில் முடிகின்றது வாசகம். ‘அடிமை’ என்னும் சொல்லுக்கும் ‘படைத்தலைவன்’ என்னும் சொல்லுக்கும் இடையே இரண்டு விரற்கடை தூரந்தான்!

விருது வேறு, பதவி வேறு என்பதை இங்கே விளக்குதல் தகும். கி.பி. 899இல் ஃபிலோதேயோஸ் என்னும் அரண்மனை அதிகாரி, அரச விருந்தில் யார் யார் எங்கெங்கே அமர வேண்டும் என்று ஒரு வரிசை நூல் எழுதினார். அதில், சின்னம் வழங்கி அளிக்கப்படும் விருதுகள் 18 என்றும், அரசர் வாய்மொழியால் தரும் பதவிகள் 60 என்றும் வகுத்தார். அரண்மனை அலிகளுக்குத் தனியே 8 விருதுகள் இருந்தன. ‘ஸ்பதாரியோஸ்’ என்பவர் வாளேந்தி. அவருடைய சின்னம் பொற்பிடி வாள். ‘புரோட்டோஸ்பதாரியோஸ்’ முதல் வாளேந்தி. அவருக்கு மணிகள் பதித்த பொற்கழுத்தணி. ‘பத்ரிக்கியோஸ்’ என்பவருக்குத் தந்தப் பலகை. இந்தப் பத்ரிக்கியோஸையே அரபு நூலாசிரியர் ‘பித்ரீக்’ என்று எழுதினர். விருது ஒருவரது வாழ்நாளின் உடைமை. பதவியோ அரசர் நினைத்தால் பறிபோகும்.

விருதுக்கு ஊதியமும் உண்டு. 950ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து தூது வந்த லியுத்பிராண்டு என்பவர், பேரரசர் தம் கையாலேயே ஆண்டு ஊதியம் வழங்கியதைக் கண்டு எழுதியிருக்கிறார். மாஜிஸ்த்ரோஸ் என்னும் உயர் விருதினர் 24 இராத்தல் பொன்னும், பத்ரிக்கியோஸ் 12 இராத்தல் பொன்னும் பெற்றனராம். மேல்வரிசையினர் தாம் பெற்றதைக் கையில் அடக்க மாட்டாமல் தோளில் சுமந்து சென்றனர் என்கிறார் அவர்.

ஆனால் எல்லாரும் ஆதாயம் கருதியே விருதை நாடினர் என்று முடிவுகட்ட இயலாது. பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்காக எழுதிய ஆட்சி நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். ஆறாம் லியோ காலத்தில் (886-912) க்தேனாஸ் என்னும் முதிய பாதிரியார் ஒருவர் இருந்தார்; நல்ல பாடகர், பெருஞ்செல்வர். அவருக்கு முதல் வாளேந்தி ஆக வேண்டும் என்று ஆசை. 40 இராத்தல் பொன் தருவதாகச் சொன்னார், அரசர் இசையவில்லை. பின்னர் 10 இராத்தல் பெறுமானமுள்ள காதணிகளும், 10 இராத்தல் பெறுமானமுள்ள வெள்ளி மேசையும் சேர்த்தளித்து 60 இராத்தலாக்கினார். விருது கிடைத்தது. அதன் ஆண்டு ஊதியம் ஒரே ஓர் இராத்தல்! இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். 60 கொடுத்து 2 பெற்றார். வாணிகக் கணக்கில் இது வெறும் நட்டம். ஆயினும் அம்முதியவர் வாணிகம் செய்யவில்லை. தம் பெயரின் பின்னே வரவேண்டிய ஒரு சொல்லை விலைக்கு வாங்கினார். ஈய முத்திரைகளில் விருதுப் பெயர்கள் வரிசையாக நிற்பதைக் காணும்போதெல்லாம் க்தேனாஸை நினைத்துக்கொண்டால், அச்சொற்களின் எடை நமக்கு விளங்கும்.

அந்த எடை நாளடைவில் குறைந்தும் போயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் ‘முதல் வாளேந்தி’ என்பது உயர்ந்த பெருமை. பதினோராம் நூற்றாண்டின் முத்திரைகளிலோ அவ்விருது சாதாரணமாகிவிடுகின்றது. புதிய விருதுகள் மேலே மேலே கட்டப்படுகின்றன. ‘முதல்’ என்னும் அடைமொழி எதற்கும் எளிதாக ஒட்டிக்கொள்கின்றது. அதே நூற்றாண்டில் அவ்வரசின் பொன் நாணயமும் தரம் தாழ்ந்துகொண்டே வந்தது. 1080களில் அதில் பொன் இருந்ததென்பதே பெயரளவில்தான். 1092இல் முதலாம் அலெக்சியஸ் நாணயத்தைச் சீர்திருத்தினார். விருது வரிசையையும் புதிதாக வகுத்தார். பொன்னில் நேர்ந்த கலப்படமும் பெயரில் நேர்ந்த கலப்படமும் ஒரே நோயின் இரு குறிகள் எனலாம். அக்கால வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறைகூறி எழுதினர். அவர்கள் கூறிய குறைக்கு முத்திரைகள் சான்று பகர்கின்றன. அச்சான்றைத் தந்தவர்கள் அறிந்து தரவில்லை. ஒவ்வொருவரும் தம் பெருமையையே பொறித்தனர். எல்லாப் பெருமைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது நமக்குச் சிறுமை புலனாகின்றது.

வடிவத்தின் வரலாறு

பெயரை எழுதும் முறையிலும் மாறுதல்கள் உண்டு. ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் பெயரின் எழுத்துகள் அனைத்தையும் ஒன்றோடொன்று பின்னி ஒரே குறியாக அமைப்பது வழக்கம். பின்னர் அவ்வெழுத்துகளைச் சிலுவையின் நான்கு முனைகளில் வைத்து எழுதினர். வேண்டுதலையும் அவ்வாறே குறியாகச் சுருக்கினர். அறிந்தவர்க்கு அது பெயர். அறியாதவர்க்கு வெறும் கோலம்.

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் உருவ வணக்கத்தைத் தடைசெய்த அரசர்கள் ஆண்டனர். 843இல் அத்தடை முற்றாக நீங்கியது. தடைக்காலத்து முத்திரைகளில் புனிதர் உருவங்களைக் காண்பதரிது; சிலுவையும் எழுத்துமே உள்ளன. இதைக்கொண்டு, உருவமில்லா முத்திரை எதுவாயினும் அது தடைக்காலத்தது என்று முடிவுசெய்வது அவசரமாகும். வேண்டுதலைக் குறியாக அமைக்கும் வழக்கம் ஏழாம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. தடை பிறப்பித்த அரசர்கள் பின்னரே தோன்றினர். தடை நீங்கிய பின்னும் உருவங்கள் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. சட்டம் மாறும் நாளும் பழக்கம் மாறும் நாளும் ஒன்றல்ல என்பதற்கு இந்த ஈயத் துண்டுகள் நல்ல எடுத்துக்காட்டு.

பதினோராம் நூற்றாண்டு முதல் முத்திரைகளில் செய்யுள் பெருகுகின்றது. அடிக்குப் பன்னிரண்டு அசை கொண்ட யாப்பில், ஓரடி அல்லது ஈரடியில், உடையவர் பெயரும் குடியும் பதவியும் அடங்கிவிடும். அவற்றுள் ஒரு வகை மிகவும் சுவையானது. அது பெயரையே சொல்லாது. நான் யாருடைய முத்திரை என்று அறிய விரும்பினால் கடிதத்தைத் திறந்து பார் என்னும் கருத்தை மட்டும் சொல்லும். எழுதியவருக்கு அது அடக்கமா, அன்றித் தம்மை அறியாதார் எவருமில்லை என்னும் செருக்கா? கடிதம் கையிலிருந்த வரை அது நல்ல விடுகதை. கடிதம் அழிந்த பின்னர் விடையில்லாத விடுகதை ஆகிவிட்டது. தம் விருதுகளையெல்லாம் நெருக்கி நெருக்கி எழுதிய சாதாரண அதிகாரியின் பெயர் நிற்கின்றது. நயமாக எழுதிய புலமையாளரின் பெயர் மறைந்தது. கலைநயம் எப்போதும் காலத்தை வெல்லும் என்போர்க்கு இது மறுப்பாகும்.

ஸ்லாவியர் முத்திரைகள்

இதுவரை கூறியவை முத்திரையின் இயல்பு பற்றியன. இனி, ஏடும் ஈயமும் நேருக்கு நேர் நிற்கும் ஒரு வழக்கைக் காண்போம். நம் வரலாற்றோடும் தொடர்புடையதாகலின் அது தனிக் கவனத்துக்குரியது.

பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் தம் முதல் ஆட்சியில் (685-695) பால்கன் பகுதியில் போரிட்டு, ஸ்லாவிய மக்களைப் பெருந்தொகையினராகச் சிறிய ஆசியாவில் குடியேற்றினார். அவர்களிலிருந்து 30,000 பேர் கொண்ட படை ஒன்றைத் திரட்டினார் என்கிறார் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாறு எழுதிய தியோஃபானிஸ். பின்னர் கலீபா அப்துல் மலிக் அவர்களோடு செய்திருந்த உடன்படிக்கையை ஜஸ்டினியன் முறித்தார். கலீபாவின் சகோதரர் முஹம்மது இப்னு மர்வான் தலைமையில் வந்த படை, முறிக்கப்பட்ட உடன்படிக்கையின் ஏட்டையே கொடியாகக் கட்டி ஏந்திவந்ததாம். 692இல் செபாஸ்தோபோலிஸ் என்னுமிடத்தில் போர் நடந்தது. 20,000 ஸ்லாவியர் அணி மாறி முஸ்லிம்களோடு சேர்ந்துகொண்டனர், ரோமர் தோற்றனர். வெகுண்ட ஜஸ்டினியன் எஞ்சிய ஸ்லாவியரை, மனைவி மக்களோடு சேர்த்துக் கொன்றொழித்தார். ஏடு கூறும் கதை இது.

இனி ஈயம். ஜியார்ஜ் என்னும் அதிகாரியின் முத்திரைகள் சில கிடைத்துள்ளன. அவருடைய விருது ‘முன்னாள் கான்சல்’ என்னும் பொருளுடையது. முத்திரையில் பேரரசரின் உருவம் உள்ளது. ‘எட்டாம் இந்திக்தியோன்’ என்று ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளது. இந்திக்தியோன் என்பது 15 ஆண்டுச் சுற்றில் செப்டம்பர் முதல் நாள் தொடங்கும் வரியாண்டு. ஜஸ்டினியனின் முதல் ஆட்சியில் எட்டாம் ஆண்டு என்பது 694-695. வாசகமோ, ‘ஸ்லாவிய அந்திரபோதாக்கள்’ என்று கூறி, பித்தினியா போன்ற மாகாணங்களின் பெயர்களைச் சொல்கின்றது.

இத்தகைய முத்திரை ஒன்றை 1900களின் தொடக்கத்தில் முதலில் வெளியிட்ட ரஷ்ய அறிஞர் பஞ்சென்கோ, இது பித்தினியாவில் குடியமர்ந்த ஸ்லாவியப் படைவீரர்களின் முத்திரை என்று படித்தார். ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியதென்றும் கருதினார். ஸ்லாவியக் குடியேற்றத்தின் பழம்பெருமைக்கு அது சான்றாயிற்று. பின்வந்தோர் காலத்தைத் திருத்தினர், பொருளையும் திருத்தினர். 1980களில் வாதம் மீண்டும் சூடேறியது. ஜியார்ஜ் போன்ற ‘கொம்மெர்க்கியாரியோஸ்’ வகை அதிகாரிகளும் அவர்தம் பண்டகசாலைகளும் படைக்கு ஆயுதம் வழங்கவே இருந்தன என்று 1985இல் மைக்கேல் ஹெண்டி வாதிட்டார். அவர்கள் பட்டு முதலிய பண்டங்களின் வாணிகத்தைக் கையாண்டவர்கள் என்று 1986இல் நிக்கோலஸ் ஒய்கோனோமிடிஸ் எழுதினார். ஸ்லாவியர் முத்திரைகள் அடிமை விற்பனையைக் குறிப்பன என்பது அவர் கொள்கை.

இவ்வழக்கில் நமக்குத் தீர்ப்புக் கூறும் திறவுகோல் ஒரு சொல்லில் இருக்கின்றது. ‘அந்திரபோதோன்’ என்பது போரில் பிடிபட்டு அடிமையாக்கப்பட்டவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கால்நடையைக் கிரேக்கர் ‘தெத்திரபோதா’, அதாவது நாற்காலுடையவை என்பர். அதனை ஒட்டியே ‘மனிதக் காலுடையவை’ என்று இச்சொல்லை ஆக்கினர். மந்தையில் மாட்டை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணும் சொல் இது. படைவீரனை ஓர் அரசு ஆவணம் இச்சொல்லால் குறிக்கும் என்று நம்புவது கடினம். ஆயுதம் தரித்துத் தன் பக்கம் போரிடுபவனுக்குக் கிரேக்கத்தில் சொற்பஞ்சம் இல்லையே! ஆகவே ஒய்கோனோமிடிஸ் கொண்ட பொருளே சொல்லுக்குப் பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

அவ்வாறாயின் தியோஃபானிஸ் கூறும் கொலை பொய்யா? சிலர் அவ்வாறு விரைந்து கூறுவர்: அரசன் கொல்லவில்லை, விற்றான், ஏடு மிகைப்படுத்தியது, ஈயம் உண்மையைச் சொல்லிவிட்டது என்பர். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 692ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் ஸ்லாவியர் அடிமைகளாய் மாகாணங்கள்தோறும் இருந்தனர் என்பது மட்டுமே முத்திரை தரும் செய்தி. எல்லாரும் கொல்லப்பட்டனர் என்பதை அது மறுக்கின்றது. எவரும் கொல்லப்படவில்லை என்று அது சொல்லவில்லை. கொலையுண்டவர்க்கு முத்திரை கிடையாது. விற்பதற்கு எஞ்சியவர் மட்டுமே கணக்கில் வருவர்.

மேலும் ஒன்று. ஜஸ்டினியனைத் தியோஃபானிஸ் வெறுத்தார். அந்த வெறுப்பை அவர் எழுத்தில் எளிதாகக் காணலாம். படிப்பவர் எச்சரிக்கை அடைகின்றார். ஜியார்ஜின் முத்திரையிலோ வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. விருது, எண், மாகாணம், சரக்கு. அவ்வளவே. அந்த அமைதியே நம்மை ஏமாற்றுகின்றது. கோபமாய்ப் பேசுபவன் பொய்யன், நிதானமாய்ப் பேசுபவன் மெய்யன் என்று மயங்குவது மனித இயல்பு. குடும்பங்களை மாகாணம் மாகாணமாகப் பிரித்துக் கணக்கெழுதிய கை நடுங்கவில்லை என்பது அதன் நடுநிலைமைக்குச் சான்றாகாது. ஏட்டின் குறை அதன் ஆத்திரம்; ஈயத்தின் குறை அதன் ஆத்திரமின்மை.

அறிஞர்களுக்கு ஒரு வழக்கு

முத்திரை ஆய்வைத் தனித் துறையாக நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் ஷ்லும்பெர்ஜே. அவருடைய பெருநூல் 1884இல் பாரிசில் வெளிவந்தது. அவருக்குப் பின் வித்தாலியன் லோரான் என்னும் பாதிரியார் வாழ்நாள் முழுவதையும் இத்துறைக்கு ஈந்தார். அவர் இறந்தது 1973இல், நடுவண் ஆட்சி அதிகாரிகள் பற்றிய அவருடைய தொகுதி வெளிவந்தது 1981இல். 1972இல் ஜியார்ஜ் ஸாக்கோஸ், அலெக்சாண்டர் வெக்லெரி இருவரும் ஆயிரக்கணக்கான முத்திரைகளைப் படங்களோடு வெளியிட்டனர். இவர்கள் உழைப்பினால் ஏடுகளில் ஒரு வரியும் பெறாத ஆயிரமாயிரம் பேருடைய பெயரும் பதவியும் இன்று தெரிகின்றன. ஒரே மனிதர் வெவ்வேறு காலங்களில் இட்ட முத்திரைகளை அடுக்கி, அவர் படிப்படியாக உயர்ந்த வரலாற்றை எழுத முடிகின்றது. அலெக்சியஸ் அரியணை ஏறுமுன் மேற்குப் படைகளின் தலைவராக இட்ட முத்திரைகளும் உள்ளன. மகள் அன்னா எழுதிய புகழ்நூலோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் பாராட்டத் தக்கதே. எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. முற்காலத் தொகுப்புகளில் பெரும்பகுதி கடைத்தெருவில் வாங்கப்பட்டவை. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தன என்னும் செய்தி அவற்றோடு வரவில்லை. இது சிறு குறையன்று. முத்திரை கிடைக்கும் இடம் அதை இட்டவர் இருந்த இடமன்று. கடிதத்தைப் பெற்றவர் இருந்த இடம். ஆகவே இடம் தெரிந்தால், யார் யாருக்கு எழுதினார் என்பது தெரியும். இடம் தெரியாவிடில் பாதிக் கடிதம் மீண்டும் ஒருமுறை அழிந்ததாகும். பல்கேரியாவில் கிடைத்த முத்திரைகளை இவான் யோர்தானோவ் கிடைத்த இடக் குறிப்புகளோடு தொகுத்து 2003 முதல் வெளியிட்டார். அதனால் பிரெஸ்லாவ் போன்ற ஒரு நகரம் தலைநகரோடும் அண்டை மாகாணங்களோடும் கொண்டிருந்த கடிதப் போக்கு நம் கண்முன் எழுகின்றது. பெயரை மட்டும் திரட்டும் ஆய்வுக்கும், பெயர்களுக்கிடையே உள்ள உறவைத் திரட்டும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இன்றும் ஏலக்கடைகளில் முத்திரைகள் விற்பனையாகின்றன. வாங்குவோர் அழகைப் பார்க்கின்றனர்; மண் தெரிவித்திருக்கக்கூடிய செய்தி காற்றில் போகின்றது.

இரண்டாவது குறை, எண்ணிக்கையின் மயக்கம். ஒரு பதவிக்குரிய முத்திரைகள் நிறையக் கிடைத்தால் அப்பதவி பெரிதென்றும், கிடைக்காவிடில் சிறிதென்றும் கொள்ளும் போக்கு உண்டு. அதிகம் எழுதியவர் அதிகம் கிடைக்கிறார். அதிகம் ஆண்டவர் அல்லர். ஒரே கருவியால் வாழ்நாளில் எத்தனையோ முத்திரைகள் இட முடியும். அவற்றுள் எவை நமக்குக் கிடைக்கின்றன என்பதை ஈயத்தை மீண்டும் உருக்கியோரும், மண்ணும், உழவன் கலப்பையுமே தீர்மானித்தன.

மூன்றாவதும் பெரிதுமான குறை, ஈயம் யாரைப் பற்றிப் பேசும் என்பது. முத்திரை இட்டோர் அனைவரும் ஏதோ ஒரு தகுதியுடையோர். படைத்தலைவர், நீதிபதி, வரி அதிகாரி, எழுத்தர், ஆயர், மடத்துத் தலைவி, பட்டம் பெற்ற பெருமாட்டி ஆகியோரெல்லாம் அங்கே உண்டு. அந்தாக்கியா நகரம் 969 முதல் 1084 வரை மீண்டும் ரோமர் கையிலிருந்தபோது, கிரேக்கமும் அரபும் சேர்த்து எழுதிய முத்திரைகளும் அப்பக்கத்தில் தோன்றின. எல்லையில் வாழ்ந்தோர்க்கு இரு மொழியும் தேவையாயிருந்தது. ஆனால் வரி வாங்கியவர் பெயர் உண்டு. கொடுத்தவர் பெயர் இல்லை. ஸ்லாவியரை விற்ற ஜியார்ஜின் பெயர் உண்டு. விற்கப்பட்ட ஒருவர் பெயரும் இல்லை. இன்று பெர்லினிலும் லண்டனிலும் அறிஞர்கள் அவ்வரசின் மாந்தர் பலரை அகரவரிசையில் தொகுத்து வைத்திருக்கின்றனர். அப்பெருந்தொகுப்பின் பக்கங்களில் ஜியார்ஜ் இடம்பெறுவார். மனிதக் காலுடையவை என்று எண்ணப்பட்டோர் அவருடைய குறிப்பினுள் ஒரு சொல்லாக மட்டுமே இடம்பெறுவர்.

ஆகவே ‘ஈயம் பொய் பேசாது’ என்னும் கூற்றை நாம் திருத்திக்கொள்ளல் வேண்டும். ஈயம் தன்னை அடித்தவர் சொன்னதைச் சொல்லும். கேட்டதற்கு மேல் சொல்லாது. ஏட்டை ஐயுற்றுப் படிக்கக் கற்றவர்கள் ஈயத்தையும் ஐயுற்றுப் படிக்கக் கற்கவேண்டும். ஐயுறுதல் என்பது மறுத்தல் அன்று. ஓர் அறிவிப்பு வந்தால், அறிவித்தவர் யார், எவரிடம் கேட்டார், அவருக்கு அதில் என்ன நாட்டம் என்று விசாரித்த பின்னரே அதன் தரத்தை முடிவுசெய்த ஹதீஸ் கலை வல்லுநரின் மரபு நமக்குப் புதிதன்று. ஈயத்துக்கும் ஓர் அறிவிப்பாளர் உண்டு. அவர் தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கின்றார் என்பதை நினைவிற்கொண்டால் போதும்.

அவ்வாறு படிக்கும்போது இந்த வில்லைகள் நமக்கு நிறையவே தருகின்றன. ஓர் அரசின் உயர்வும் சரிவும், ஒரு முதியவரின் நிறைவேறிய ஆசை, ஒரு புலவரின் மறைந்துபோன பெயர், கணக்கில் மட்டும் எஞ்சிய மக்கள் கூட்டம் ஆகிய எல்லாம் அங்கே இருக்கின்றன. அவ்வதிகாரிகள் தம் விருதுகளுக்கு முன்னே ‘அடிமை’ என்னும் ஒரு சொல்லையும் தவறாமல் பொறித்தனர். அவர்கள் வாங்கிய விருதுகளின் பொருளை இன்று அகராதி பார்த்தே அறியவேண்டியிருக்கிறது. அடிமை என்னும் அச்சொல்லுக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. ஜியார்ஜின் முத்திரையிலும் அடிமைகள் உண்டு. ஆனால் அங்கே அச்சொல் இறைவன் முன் நிற்கும் ஒருவரின் தாழ்மையைக் குறிக்கவில்லை. ஒரே பொருளுடைய சொல் ஒருவர்க்கு வேண்டுதலாகவும் மற்றவர்க்கு விலைச்சீட்டாகவும் இருந்த அந்த உலகத்தை, இரண்டு வகை முத்திரைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் மட்டுமே நாம் உள்ளவாறு அறிய முடியும்.